நீங்கள் ஏன் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள்

கராகண்டாவில் பனி
கொஞ்சம் கரி கலந்துதான் விழும்.
பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறவர்கள்
முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள்,
பிறகு மூக்கின்மேல் இருப்பதை.
எல்லோரும் கேட்பதைத்தான் ஷோல்பானும் கேட்டாள்:
லேசர் அவ்வளவு நல்லதென்றால்
நீங்கள் ஏன் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள்?

பதில் கைவசம் இருக்கிறது.
என்னுடையது மைனஸ் பதினொன்று.
கருவிழியின் தடிமன் நானூற்று அறுபது மைக்ரான்.
செதுக்கினால் இடிந்துவிடும் சுவர்.
அவளுக்கு ஐந்நூற்று அறுபத்திரண்டு, பவர் நாலரை.
அவளிடம் எடுக்கலாம்.

டாக்டர் குஸ்மானோவ் ஓர் ஆரஞ்சை உருட்டியபடி
விளக்கத் தொடங்கினார்.
லேசிக் என்றால் மேலே மெல்லிய மூடி வெட்டி
புத்தகத் தாள்போலப் புரட்டிவைத்து,
அடியில் ஒளியால் இழைத்து,
மறுபடி மூடிவிடுவது. மறுநாள் காலையில் பார்வை.
ஸ்மைலில் மூடியே கிடையாது.
உள்ளுக்குள்ளேயே ஒரு வில்லையை ஒளி அறுத்துவைக்கும்.
எறும்பு நுழையும் வாசல் வழியே அதை உருவவேண்டும்.
அந்த மெஷின் அஸ்தானாவில்.
விலையும் அஸ்தானா விலை.

குத்து வாங்கினால்? என்றாள்.

ஐம்பத்தேழு கிலோ பிரிவு.
மூக்கு இரண்டு இடத்தில் உடைந்து ஒட்டியிருந்தது.
டாக்டர் ஆரஞ்சைக் கீழே வைத்தார்.
மூடி நகர்ந்துவிடலாம், என்றார்.
பழைய முறை ஒன்று உண்டு, பி.ஆர்.கே.
மேல்தோலை வழித்தெறிந்துவிட்டு நேரே இழைப்பது.
தோல் தானாக வளரும். வளரும்வரை வலிக்கும்,
நாலு நாள்.
நாலு நாளா, என்று சிரித்தாள்
உடைந்த மூக்கோடு.

எண்ணுவது என் வேலை.
ஆல்கஹால் கண்ணில் நிற்கும் இருபது விநாடி.
பிறகு ஒளி. ஒரு கண்ணுக்கு முப்பத்தொன்று.
பச்சைப் புள்ளியைப் பார், பச்சையை மட்டும் பார்.
மயிர் பொசுங்குவதுபோல் ஒரு வாடை வரும்,
முன்கூட்டியே எச்சரிப்பேன். அன்று மறந்துபோனேன்.
என்ன எரிகிறது? என்றாள் அசையாமல்.
நீதான், என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.

மூன்றாம் இரவு கிளினிக் போன் அடித்தது.
இரவுப் பணியில் நான்.
மூக்கெல்லாம் ஒன்றுமேயில்லை, என்றாள்,
மணலை அரைத்து இமைக்குள் அப்பியிருக்கிறது.
சொட்டு மருந்து எப்போது போட்டாய் என்றேன்.
போர்வைக்குள் இருந்து பேசுகிறாள் என்று தெரிந்தது,
குரலில் கம்பளி.
பிறகு அவளாகவே:
ரிங்கில் கண்ணாடி இல்லையே.
எதிரே ஒரு சிவப்பு மங்கல், அல்லது நீல மங்கல்.
அதன் நடுவில் குத்துவேன்.
பதினாறு பேர் விழுந்திருக்கிறார்கள்.
ஒருத்தி முகமும் எனக்குத் தெரியாது.

ஏப்ரலில் பரிசோதனைக்கு வந்தாள்.
கடைசி வரியைப் படித்தாள்.
அதற்கும் கீழே அட்டை அச்சிட்ட கம்பெனியின் பெயரை,
என்னால் எந்தக் கண்ணாடியோடும் படிக்க முடியாததை,
படித்தாள்.
உதட்டில் மூன்று தையல்.

பாவ்லோதாரில், என்றாள். முதல் ரவுண்டு.
அவள் கவசத்துக்குள்ளே வியர்வையில் ஒட்டிய ஒரு முடி.
இடது கண்ணின்கீழ் மச்சம்.
வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்,
உங்களை மாதிரி.
அரை விநாடிதான் பார்த்தேன்.
தையலைத் தொட்டுக் காட்டினாள்.

வலது ஒன்று, இடது ஒன்று புள்ளி இரண்டு.
புகார் எதுவும் உண்டா என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக் காத்திருந்தேன்.
இல்லை என்று எழுதுங்கள், என்றாள்.
எழுதினேன்.

கிளம்பும்போது கேட்காமலே கை நீட்டி
என் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டாள்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
திருப்பித் தா என்று நானும் சொல்லவில்லை.
எதிரே சிவப்பாக ஒரு கம்பளித் தொப்பி.
அதன் கீழே, முகம் இருக்கவேண்டிய இடத்தில்,
யார் வேண்டுமானாலும் இருந்தார்கள்.