அரைச் சுற்று

ஒரு சிலிண்டர் போதும் என்பான் எர்லெண்ட்.
இன்னொன்று மாட்டினால் இடுப்பு இழுக்கும்,
சிப்பிப் பைக்குக் கை மிஞ்சாது.
ஒன்பது வருடம் ஹோய் நீரிணையில்
அப்படியே இறங்கி ஏறினான்.
"எனக்கு எதுவும் ஆனதில்லை" என்பதையும்
ஈயக்கட்டியோடு சேர்த்து இடுப்பில் கட்டியிருந்தான்.

படகில் நான்.
சுக்கான், கயிறு, தேநீர்க் குடுவை,
கடைசியாக அவன் முதுகில் வால்வு.
முழுக்கத் திற, அரைச் சுற்று பின்னால் திருப்பு:
முதல் வாரம் யாரோ சொன்னது
கைக்குள் போய்க் குடியேறிவிட்டது.
அவன் ஏற்கெனவே திறந்துவிட்டானா என்று
கை கேட்பதில்லை.

அன்று வடமேற்குக் காற்று. கையுறை ஈரம்.
திருகினேன், முட்டியது, அரைச் சுற்று திருப்பினேன்,
தோளில் தட்டினேன்.
மேலே ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தான்.
முள் நிறைந்து நின்றது. விழுந்தான்.

ஆறாம் நிமிடம்
குமிழ்கள் ஓரிடத்தில் நில்லாமல் சிதறின.
பை வரவில்லை.
அவன் வந்தான்,
வரக்கூடாத வேகத்தில்,
மூக்கோரம் ரத்தத்தோடு.

"இருபத்தெட்டு மீட்டரில்
இழுக்க இழுக்க முள் தலையாட்டியது,
சரி, சரி என்பதுபோல.
காற்று மட்டும் வரவில்லை."

சிலிண்டரை மூடப் போனேன்.
மூன்று சுற்று பிடிக்க வேண்டிய வால்வு
அரைச் சுற்றில் நின்றுவிட்டது.
அவனுக்கு முதுகைக் காட்டித் தேநீர் ஊற்றினேன்.
பாதி கடலுக்குப் போனது.

ரெகுலேட்டர்தான் காலைவாரிவிட்டது என்றான்.
நான் தலையாட்டினேன், அந்த முள் மாதிரி.

மறுவாரம் புதிய ரெகுலேட்டர், தொள்ளாயிரம் பவுண்டு.
பக்கத்தில் தொங்க ஒரு குட்டி மஞ்சள் சிலிண்டர்.
மதுக்கடையில் கதை சொல்லும்போதெல்லாம்
ஆழம் இரண்டு மீட்டர் கூடும்,
குற்றவாளி மட்டும் மாறுவதில்லை.
கேட்ட மூவர்
தங்களுக்கும் மஞ்சள் சிலிண்டர் வாங்கினார்கள்.
கெட்டுப்போகவில்லை, நல்லதுதான்.

கிர்க்வாலில் பழையதைச் சோதித்தவர்
இதில் ஒரு பழுதும் இல்லை என்றார்.
"அவர் கீழே வந்து இழுத்துப் பார்க்கட்டும்" என்று
அதை ஃப்ளோட்டாத் தீவுப் பையனுக்கு
நாற்பது பவுண்டுக்குத் தள்ளிவிட்டான்.
நோட்டுகளை எண்ணியது நான்.
நன்றாக உழைக்கும் என்று பையனிடம் சொன்னேன்.
அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

இப்போது திறந்தால் திறந்ததுதான்,
திருப்புவதில்லை.

படகின் விளிம்பில் உட்கார்ந்ததும்
எர்லெண்ட்
முதுகுக்குப் பின்னால் கையை வளைத்து
வால்வைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்க்கிறான்.
புதுப் பழக்கம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவனும்.