பதினாலாம் நம்பர் அறை

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில்
கொத்துப் பரோட்டாக் கரண்டிகள் ஓய்ந்தபின்
லாட்ஜின் சத்தமெல்லாம் என் பொறுப்பு.
ஏழில் இருமல்,
ஒன்பதில் அணைக்க மறந்த டிவி,
ரயில் தாமதத்துக்கு
மூன்று மொழியிலும் வருந்துகிற ஜங்ஷன் பெண்குரல்.

பதினாலில் தணிகாசலம்.
மாதத்தில் இரண்டு ராத்திரி.
மோட்டார் கம்பெனிக்கு வசூல்;
மேல் பட்டன் எட்டாத கழுத்து.
படுத்த ஐந்தாம் நிமிடம்
கடை ஷட்டரை இழுத்து இறக்குவதுபோல் ஆரம்பிக்கும்.
பெரியாஸ்பத்திரிக்கு வந்து
பதினைந்தில் தங்கியிருந்த போடிக்காரர்கள்
சுவரைத் தட்டினார்கள், பிறகு போன் போட்டார்கள்:
"நாங்க தூங்க வேணாமா?"

எழுப்பத்தான் போனேன்.
கதவில் கை வைத்த நொடி
நின்றுவிட்டது.
நல்லதாய்ப் போச்சு என்று திரும்பி
நாலு படி இறங்கியிருப்பேன்.

அந்த அமைதி சரியில்லை.
தூங்குகிறவன் அமைதிக்குள் ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும்.
இது பைப்பைத் திருகி மூடியது.
வராண்டாக் கடிகாரத்தில் நொடிமுள்
பன்னிரண்டில் கிளம்பி
ஐந்தைத் தாண்டியது.
பிறகு ஒரு கேவல்,
கிணற்றில் முங்கியவனை
முடியைப் பிடித்துத் தூக்கினாற்போல.
மறுபடி ஷட்டர்.
பதினைந்து திட்டியது.
நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம்.
பழைய ரசீதுப் புத்தகத்தின் முதுகில்
நாற்பத்தொரு கோடு.

"ராத்திரி தூக்கம் எப்படி சார்?"
"அடிச்சுப்போட்ட மாதிரி."
சொல்லிவிட்டுத் தலைவலி மாத்திரை கேட்டார்.
காலி செய்து கையெழுத்துப் போடும்போதே
கண் செருகி
பேனா ரிஜிஸ்டரைத் தாண்டி
மேஜைக்கு ஓடியது.
அந்த நீலக் கீறல் இன்னும் போகவில்லை.

ரசீதைக் காட்டினேன்.
"குறட்டையை எண்ணல சார்.
நடுவுல நின்னதை எண்ணினேன்."
சிரித்தார். "எங்கப்பாவும் இப்படித்தான்,
தெருவே அதிரும்.
தூக்கத்துலயே போனாரு, நல்ல சாவு..."
வாக்கியத்தை முடிக்காமல்
தாளை மடித்து
செக்குகளோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் வரவில்லை.
அதற்கடுத்த மாதம் தோளில் ஒரு சின்னப் பை,
"கட்டிலுக்குப் பக்கத்துல பிளக் இருக்கா?"
உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி
ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்தார்களாம்.
தொண்டைச் சதை தளர்ந்து
வழியை அடைக்கிறதாம்.
மூளை பதறி எழுப்புகிறதாம்,
எழுந்தது தெரியாமலே மறுபடி தூக்கமாம்.
"மணிக்கு இருபத்தெட்டு தடவை.
நீங்க நிறைய விட்டுட்டீங்க தம்பி."
முகமூடியை மாட்டிக் காட்டினார்,
விமானம் ஓட்டுகிறவர் மாதிரி.

இப்போது பதினாலில்
சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் மட்டும்.
பக்கத்து அறைக்காரர்கள் தூங்குகிறார்கள்.
நான்தான் பழக்கதோஷத்தில்
மாடி ஏறி நின்றுவிட்டு வருகிறேன்.
கரண்ட் போனால்
ஜெனரேட்டருக்கு ஓடுகிறேன்.

எனக்குத் தூக்கம் பகலில்.
ஆரப்பாளையத்தில் ஒற்றை அறை,
ஜன்னலில் ஒட்டிய செய்தித்தாள்.
போன வாரம் கவுண்டரில்
என் நெற்றியே மணியை அடித்தது.
ரூம் பாய் சகாயம் ஓடிவந்து
"எந்த ரூம் அண்ணே?" என்றான்.

நேற்று தலைமாட்டில்
போனைப் பதிவில் போட்டுப் படுத்தேன்.
இப்போது மணி இரண்டரை, காதில் இயர்போன்.
பக்கத்து வீட்டுக் குக்கர்.
கோலமாவுக்காரர் குரல்.
அப்புறம் ஷட்டர்.
யாருடையது என்று ஒரு கணம் தெரியவில்லை.

நின்றது.

காக்கை கேட்கிறது, எங்கோ மிக்ஸி,
படிகளில் யாரோ ஏறி
வேறு வீட்டுக்குப் போகிறார்கள்.
என் மூச்சு வரட்டும் என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
கை தன்பாட்டுக்கு
ரசீதுப் புத்தகத்தைத் தேடுகிறது.