பின் விளிம்பு

கால்பந்து என்று பெயர்; கையில்தான் எல்லாம்.
மூன்று வாய்ப்பு, பத்து கஜம்,
தவறினால் பந்து எதிராளிக்கு.
நான் சொல்லப்போவதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

யார்க்டன். அக்டோபரின் கடைசிச் சனி.
காலையில் தூறலாக இருந்தது
இரண்டாம் பாதியில் பனியாகி
கோடுகளை ஒவ்வொன்றாகத் தின்றது.
விளக்குமாற்றோடு சிறுவர்கள் ஓடி ஓடி
அவற்றை மீட்டுக்கொண்டிருந்தார்கள்.
வாரநாளில் கூட்டுறவு வங்கியில் பணம் எண்ணுபவள் நான்.
சனிக்கிழமைகளில் ஆரஞ்சு மேலங்கி, சங்கிலிக்காரி.
இரண்டு கழி, நடுவே பத்து கஜம் இரும்பு.
கழிகள் ஃபெட்ஷின் சகோதரர்கள் கையில்.
சங்கிலியில் மாட்டும் கிளிப் மட்டும் என் பொறுப்பு.

பதினேழுக்குப் பதினேழு.
மூன்றாவது வாய்ப்பு, இன்னும் ஒரு கஜம்.
உதைத்துவிடச் சொல்வார் கோச் எங்கெல்பிரெக்ட் என்று
அவர் மனைவியே நினைத்திருந்தாள்.
சொல்லவில்லை.
டேரியன் கார்டினல் பந்தை வயிற்றோடு அணைத்து
ஆட்களின் குவியலுக்குள் தலையைக் கொடுத்தான்.
குவியலுக்கு அடியில் நடந்தது
குவியலுக்கே தெரியாது.

விசிலோடு ஓடிவந்தார் மெல்வின் ப்ரோகோப்சுக்.
உரம் விற்பவர், அறுபத்தொரு வயது,
மூக்குக்கண்ணாடியில் பனி.
ஒவ்வொருவராக உரித்தெடுத்து
வலது பூட்ஸை ஓரிடத்தில் ஊன்றினார்.
பந்து இங்கே.

கண் மதிப்பில் வைத்த பந்தை
விரற்கடை பிசகாமல் அளக்க
எங்களைக் கூப்பிட்டார்கள்.

மைதானம் மொத்தமும் எழுந்து நின்றது.
கிளிப்பைக் கோட்டில் வைத்து அழுத்தினேன்.
சங்கிலி விறைத்தது.
பந்தின் மூக்குக்கும் கழிக்கும் இடையே
இரண்டு விரல்.
ப்ரோகோப்சுக் கையை மறுபக்கம் நீட்டினார்.

அப்புறம் நடந்ததை ஊரே மனப்பாடமாகச் சொல்லும்:
எதிரணி முன்னேறியது, மூன்று புள்ளிக்கு உதைத்தது,
கம்பத்துக்கு வெளியே போனது.
ஆனால் தவறிய உதைக்கும் இந்த நாட்டில் கூலி உண்டு.
எல்லைக்குள் விழுந்ததை எடுத்துக்கொண்டு
வெளியே வந்தாக வேண்டும்.
எங்கள் பையன் வழுக்கினான்.
ஒரு புள்ளி. பதினெட்டு.

கேன்டீனில் யாரோ ஒருவரின் அப்பா
தொலைபேசியில் படத்தை நிறுத்தி, நிறுத்தி,
முழங்காலைத் தேடினார். அரை கஜம் என்றார்.
மிளகாய்ச் சூப்பு ஆறுவதற்குள் அது ஒரு கஜமானது.
ப்ரோகோப்சுக்கின் லாரிக் கண்ணாடிப் பனியில்
குருடன் என்று எழுதியிருந்தது.
அவர் முழங்கையால் துடைத்துவிட்டு
ஹீட்டர் சூடாகும்வரை உள்ளே உட்கார்ந்திருந்தார்.

சங்கிலியை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.
இரும்பு அல்லவா.

இரவு கையுறையைக் கழற்றும்போதுதான்
விரல்கள் எனக்குச் சொல்லின.
முதல் வாய்ப்பில் கோட்டின் பின் விளிம்புக்கு
நேராக மாட்டினேன் கிளிப்பை. விதி அது.
அளக்கும்போதோ
பெருக்கிய இடத்தில் வெள்ளையாய்த் தெரிந்த
முதல் விளிம்பில் வைத்தேன்.
முன் விளிம்பு.
கோட்டின் அகலம் நாலு அங்குலம்.
இரண்டு விரலுக்கு அது தாராளம்.

நிச்சயமா என்று கேட்டால், இல்லை.
விறைத்த விரலின் சாட்சி எந்த மன்றத்தில் செல்லும்?
என்று நானே எனக்கு வக்கீலாகி
நவம்பர் போயிற்று. டிசம்பரும்.

மார்ச்சில் என் கவுண்டருக்கு வந்தார்,
விதைப்புக்கு முன்பணம் எடுக்க.
விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.
"நீ அளந்தது சரிதான், பெவர்லி," என்றார்.
"நான் வைத்ததுதான் பிசகு.
அன்றைக்கு ஒன்றாவது சரியாக இருந்ததே,
அதை நினைத்துத்தான் தூங்குகிறேன்."

அவர் நோட்டுகளை எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.
மூன்றாம் முறையும் எடுத்தபோது
அவசரமில்லை என்பதுபோல்
தொப்பியைக் கழற்றிக் காத்திருந்தார்.