மை உறைந்த பக்கம்

கீழே பெங்களூருக்கு மார்ச் மாதப் புழுக்கம்.
கல்யாண் நகர் ஆறாவது மாடியில், இரவு பத்தேகாலுக்கு,
பதினெட்டு டிகிரி.
ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு
ஹாலோமியர் என்கிற ஊரில் செத்தவர்களைத்
தட்டச்சு செய்கிறேன்.
பக்கத்துக்கு மூன்று ரூபாய் நாற்பது காசு.

இங்கிலாந்தில் எந்த மூலையோ.
ஒரு கோயில், ஒரு மாவு ஆலை, ஓயாத சேறு.
பதிவேட்டின் ஓரத்தை என்றோ எலி கடித்திருக்கிறது,
என் திரையிலும் அது கடித்தபடியே.

அந்தக் காலத்து எஸ், எஃப் போலத் தலை குனிந்து நிற்கும்.
முதல் வாரம் முழுக்க
அந்த ஊரில் யாரும் யாருக்கும் மகனாகப் பிறக்கவில்லை.
இப்போது பழகிவிட்டது.
காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தும்
காக்ஸ் யாரென்று கேட்டதில்லை நான்.
ஹாலோமியரில் மட்டும்
யார் வீட்டுப் பன்றி யார் தோட்டத்தில் நுழைந்தது என்பதுவரை தெரியும்.

நாய் விரட்ட ஆள் வைத்திருந்தார்கள்,
பிரசங்க நேரத்தில், நீளச் சாட்டையோடு.
கிழவன் ஆம்ப்ரோஸ் டக்கில். ஆண்டுக்கு ஐந்து ஷில்லிங்.
அவன் செத்த ஞாயிறு
ஏழு நாய்கள் உள்ளே வந்து படுத்தன என்று
ஓரத்தில், பொடி எழுத்தில்.
முள்ளெலித் தலை ஒன்றுக்கு இரண்டு பென்ஸ்;
ஒரே தலையை மூன்று முறை விற்றவனுக்கு அபராதம்.
ஆலைப் படியில் கிடந்த குழந்தைக்குப்
படி என்றே குடும்பப் பெயர் வைத்து
அறுபது வருஷம் கழித்து அதே பெயரில் புதைத்திருக்கிறார்கள்,
அழுதவர்களில் பேரப்பிள்ளைகள் பதினொன்று.
பிணத்துக்குக் கம்பளிதான் உடுத்தவேண்டும், சட்டம்.
ஆட்டுக்காரர்கள் பிழைக்கவாம்.
லினனில் போன ஒருத்திக்காக
ஐந்து பவுண்டு கட்டியிருக்கிறான் புருஷன்.
'ஆசைப்பட்டாள்' என்று மட்டும் குறிப்பு.

ஓரக் குறிப்புகளைத் தட்டக்கூடாது.
பெயர், தேதி, வயது. அவ்வளவுதான் பெட்டிகள்.
கதைக்குக் காசு கிடையாது என்பார் சூப்பர்வைசர் நாகபூஷணா.
நான் கேஸ் புத்தகத்தின் பின்பக்கங்களில்
பென்சிலால் எழுதி வைக்கிறேன்.
சிலிண்டர் போடுகிற பையன் ஒருமுறை புரட்டிவிட்டு
'டக்கில் யாருக்கா?' என்றான்.
'செத்துட்டார்ப்பா.'
மரியாதையாகத் தலையசைத்துக்
கையெழுத்து வாங்கிப் போனான்.

செவ்வாய் இரவு அந்தப் பக்கம் வந்தது.
ஆயிரத்து எழுநூற்று நாற்பது, ஜனவரி.
இரண்டே வரி: ஹானர் பைக்ராஃப்ட், வயது முப்பத்தொன்று.
மெர்சி லங்க்லி, வயது பத்தொன்பது.
ஓரத்தில் எழுத்தரின் கை நடுங்கியிருக்கிறது:
மைக்கூடு பல நாள் உறைந்து கிடந்தது,
இளகிய பின் நினைவிலிருந்து எழுதுகிறேன்,
இவர்களில் யார் பத்தாம் தேதி, யார் பன்னிரண்டு,
எனக்கு நிச்சயமில்லை,
எழுப்புகிறவர் அறிவார்.

தேதிக்குப் பெட்டி உண்டு, கட்டாயம்.
சந்தேகத்துக்குக் கிடையாது.

என் பெயர் அமலோற்பவம்.
ஆதாரில் அமலோ. பாஸ்புக்கில் அமல் பவன்.
ரேஷன் கார்டில் ஆண்.
அங்கே யாருக்கும் மை உறையவில்லை,
நல்ல வெயில் காலம்தான்.

பத்து ஒருத்திக்கு, பன்னிரண்டு மற்றவளுக்கு,
பார்த்தபடி தட்டினேன்.
காலியாக விடவேண்டிய கடைசிப் பெட்டியில் மட்டும்
ஸ்பேஸ் பாரை ஒருமுறை அழுத்தினேன்.
வெறும் இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது.
சரிபார்க்கிற மென்பொருளுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைத் தாளில் சிவப்பாக:
பிழை ஒன்று, பிடித்தம் பதினேழு ரூபாய்.
நாகபூஷணா வந்து நின்றார்.
'என்னம்மா இது, ஒண்ணுமே இல்லாததை
எதுக்கு டைப் பண்ணியிருக்கே?'
'மை உறைஞ்சு போச்சு சார்.'

கொஞ்ச நேரம் என் ஸ்வெட்டரையே பார்த்தார்.
பிறகு ஒன்றும் கேட்காமல்
ரிமோட்டைத் தேடி எடுத்து
இருபத்திரண்டில் வைத்தார்.