ஆணிக்கு ஐநூறு

அட்வான்ஸ் நாற்பதாயிரம்.
வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை போச்சு.
குழாய்க்கு முந்நூறு.
பாத்ரூம் தாழ்ப்பாளுக்கு இருநூற்றைம்பது,
நாங்கள் குடிவந்த அன்றே
அது கயிற்றில்தான் இருந்தது.
அப்புறம் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்து
ஹவுஸ் ஓனர் சொன்னார்:
ஆணி ஒண்ணு. ஐநூறு.

ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான்
முதல் நாள் அவர் சொன்ன முதல் வார்த்தை.
மீன் வாசம் வெளியே வரக் கூடாது,
சொந்தக்காரங்க வந்தா ரெண்டு நாள்,
இதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த ஆணி எங்களுடையது இல்லை.
சி. மோசஸ் என்ற பேருக்கு
இன்னும் ஃபைனான்ஸ் நோட்டீஸ் வருகிறது.
அவர் அடித்ததாக இருக்கலாம்.

ஐந்து வருஷம் அந்த ஒற்றை ஆணியில்
காலண்டர் தொங்கியது.
காலண்டர் மேல் அவருடைய வாட்ச்மேன் சட்டை,
சட்டை மேல் கனிஷ்காவின் ஸ்கூல் ஐடி,
அதன் மேல் ரேஷன் பை,
ஐப்பசி வந்தால் எல்லாவற்றுக்கும் மேல் ஒரு குடை.
தேதி பார்க்க வேண்டுமென்றால்
குடும்பத்தையே ஒவ்வொன்றாய் இறக்க வேண்டும்.
வாடகைத் தேதி மட்டும்
பார்க்காமலே தெரியும்.

அவர் காவல் இருக்கும் அபார்ட்மென்டில்
எழுபத்திரண்டு வீடு.
பதினொன்று வருஷக்கணக்கில் பூட்டியே கிடக்கிறது.
ராத்திரியெல்லாம் காலி வீடுகளைக் காத்துவிட்டு
விடிந்ததும் வந்து
எங்கள் கால்மாட்டில் இடம் கிடைத்தால் படுப்பார்.

வளசரவாக்கத்தில் எங்கள் தெரு முனைக்கு
மெட்ரோ தூண் வந்தது.
தூணில் ரயில் ஓடுவதற்கு முன்னாலேயே
வாடகை ஓடிவிட்டது,
ஒரேயடியாய் இரண்டாயிரம்.
நாங்கள் மாங்காடு தாண்டிப் போகிறோம்.
கனிஷ்காவுக்கு இரண்டு பஸ்.

ஐநூறு புடிச்சாச்சு இல்ல, அப்ப ஆணி என்னுது
என்று சொல்லி
அடுப்பு இடுக்கியால் பிடுங்கினேன்.
உள்ளங்கை அளவு காரையும் கூடவே வந்தது.
அதற்கு அவர் ரேட் சொல்வதற்குள்
படியிறங்கிவிட்டேன்.

கேட்டில் புரோக்கரோடு ஒரு பெண்.
இடுப்பில் குழந்தை.
தண்ணி எப்படிக்கா என்றாள்.

நாலே காலுக்கு விடுவாங்க,
முன்னாடியே குடத்தை வெச்சிடணும்.
மழைன்னா கிச்சன் மூலையில சொட்டும்,
பெரிய பாத்திரமா ஒண்ணு வெச்சுக்கோ.
மேல் வீட்டு அம்மா நல்லவங்க,
ஆனா கடன் மட்டும் கேட்டுடாத.

டாட்டா ஏஸ்காரர் ஹாரன் அடித்தார்.
புரோக்கர் என்னை முறைத்தான்.
கைக்குள் ஆணி
வியர்வையில் சூடாகியிருந்தது.
கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.
கொடுக்கவில்லை.

உள்ள போனதும்
சுவத்தை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோம்மா என்றேன்.
நாலு சுவரையும்.
சாமான் இறக்குறதுக்கு முன்னாடியே.