மூணு ஓடுது

பெண் பார்க்க வந்த தக்கலைக்காரர் கேட்டார்:
தொழில் சுகாதாரம்னா
கொசு மருந்து அடிக்கிற டிப்பார்ட்மென்டா?
ஆமாம் என்றேன்.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

முப்பத்தோரு வருடம் காற்றை எடை போட்டேன்.
சித்திரங்கோடு கல்குவாரியில்
ரெத்தினசாமியின் காலரில் பம்பு மாட்டி
அவன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி
அவனோடு சேர்ந்து மூச்சிழுக்க
ஒரு வட்டக் காகிதத்தை விட்டுவிட்டு
நாள் முழுக்க ஜீப்பில் இருந்தேன்.
சாயங்காலம் காகிதம் சாம்பல் நிறம்.
அதை நிறுக்கலாம்.
நெஞ்சை நிறுக்கத் தராசில்லை,
எக்ஸ்ரேக்கு அவன் வரவுமில்லை:
"படம் பிடிச்சா வேலைய விட்டு நிறுத்திப்போடுவாவ, மேடம்."

பள்ளியாடி முந்திரி ஆலையில்
தோட்டெண்ணெய் தின்ற விரல்களைப் பார்த்து
கையுறை போடச் சொன்னேன்.
நீங்க போட்டு உடைச்சுப் பாருங்க என்றாள் ஒருத்தி.
பார்த்தேன்.
ஒரு மணி நேரத்தில் அரைக்கிலோகூடத் தேறவில்லை.
கூலி கிலோவுக்கு.

ஆனால் கோணம்.

கோணம் தொழிற்பேட்டையில் நைலான் வலைக் கொட்டகை.
குளச்சலும் முட்டமும் கடலில் இறக்கும் வலை
அங்கே முடிச்சு முடிச்சாக இடித்து இறங்கும்.
பன்னிரண்டு மெஷின்.
உள்ளே நுழைந்தால் காதில் அல்ல,
பல்லில்தான் கேட்கும்.
சட்டம் தொண்ணூறு வரை பொறுக்கும்.
என் மீட்டர் காட்டியது எண்பத்தொன்பது புள்ளி ஆறு.
நிற்பவையெல்லாம் பழுது என்றார் மேனேஜர்,
கிரீஸ் கையோடு ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.
மூன்று வருடம், மூன்று ரிப்போர்ட்,
மூன்றிலும் என் பச்சை மை.

நான்காம் முறை
பாபின் மாற்றிக்கொண்டிருந்த ஏசுவடியாள்
என்னைப் பார்க்காமலே
இடுப்புக்குக் கீழே மூன்று விரலை நீட்டினாள்.
பிறகு முஷ்டியை மூடினாள்.

அந்தக் கொட்டகையில் வாயால் யாரும் பேசுவதில்லை.
நூல் அறுந்தால் சுண்டுவிரல்.
சூப்பர்வைசர் வந்தால் இல்லாத மீசையைத் தடவுவார்கள்.
பசி, தூரம், வட்டிக்காரன்,
எல்லாவற்றுக்கும் கையில் சொல் இருந்தது.
எனக்கு ஒன்றும் தெரியாது.
செட்டிகுளம் ஜங்ஷனில் பஸ் திரும்பும்போதுதான் விளங்கியது:
மூணு ஓடுது.
மிச்சம் உனக்காக நிக்குது.

டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
பாதி நின்றால் மூன்று டெசிபல் குறையும்,
பாதியிலும் பாதி நின்றால் ஆறு.
அந்த ஆறை மூன்று முறை
நானே கையெழுத்துப் போட்டு மறைத்திருக்கிறேன்.

சொல்லாமல் ராத்திரி ஷிப்டுக்குப் போனேன்.
தொண்ணூற்றாறு.
மெஷின்களுக்குக் கூண்டு கட்ட வைக்க
ஏழு வருடம், இரண்டு வழக்கு,
ராமநாதபுரத்துக்கு ஒரு டிரான்ஸ்பர்.
கட்டினார்கள்.

அதற்குள் ஏசுவடியாளுக்குச் சகரம் போய்விட்டது.
அப்படித்தான் போகும், மெல்லிய ஒலிகள் முதலில்.
சந்தைக்கு வாறியா என்றால்
அந்தைக்கு வாறியா என்றுதான் அவளுக்கு.
தன் பேரே நடுவில் ஓட்டை விழுந்து
ஏ... வடியாள் என்று வந்து சேருகிறது.
திரும்பிப் பார்க்க அது போதும் என்கிறாள்.

எனக்கு ஓய்வு கொடுத்த அன்று
சால்வையும் சுவர்க்கடிகாரமும் தந்தார்கள்.
ஒரு வாரம் கழித்து,
பேட்டரி போடாமலா கொடுத்தார்கள் என்று
எட்டிப் பார்த்தேன்.
முள் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

போன மாதம் வடசேரி பஸ் ஸ்டாண்டில்
ஏர்ஹாரன்களுக்கு அந்தப் பக்கம் அவள்,
கையில் சாளைப் பை.
காதைத் தொட்டுப் புருவம் உயர்த்தினேன்.
மூன்று விரல் நீட்டினாள், முஷ்டி மூடினாள்.
பிறகு மோவாயால் என்னைக் காட்டினாள்:
உனக்கு?

கையைத் தூக்கினேன்.
எத்தனை விரல் என்று எண்ணிக்கொண்டிருக்கையில்
திட்டுவிளை பஸ்
நடுவே வந்து நின்றது.