பார்வைப் பறவை

ஓஸ்மோ விட்டுப்போன கறுப்புக் கோட்டைச்
சமையல் மேசையில் குப்புறப் போட்டேன்.
ஒரு கல்யாணம், மூன்று சாவு பார்த்த கோட்டு.
அவன் இப்போது ஒவுலுவில், லிஃப்ட் வைத்த வீட்டில்.
இதைக் கேட்டு ஒரு போன்கூட வரவில்லை.

முதுகில் இரண்டு உடல் வெட்டலாம்.
கைத்துணியில் கழுத்து.
காலரை விரித்தால் இருபுறமும் வளையும் வால்,
அதற்கென்றே தைத்தது போல.
உள்ளே பாசி திணிக்காதே என்றாள் பக்கத்துப் பண்ணை ஐலி,
ஈரம் குடித்தால் கம்பே தொங்கிவிடுமாம்.
சரி, பழைய மெத்தையின் பஞ்சு.
வாலடிக்கு வெள்ளை, தலையணை உறை.
புருவத்துச் சிவப்புக்கு எங்கே போக?
வங்கியில் இனாமாய்த் தந்த கிறிஸ்துமஸ் தொப்பியில்
நகமளவு இரண்டு துண்டு.
கண் வைக்கவில்லை. பத்து ஆள் உயரத்தில்
கண்ணை யார் தேடப்போகிறார்கள்?
கண்ணே இல்லாததற்குப் பார்வை என்று பேர்.

அக்டோபர். மைனஸ் நாலு.
இருட்டோடு மூன்று கம்புகளைக் கம்பியால் நீட்டிக் கட்டி
பிர்ச் மரத்து உச்சிக்கு அதை ஏற்றினேன்.
பிறகு தழைக் குடிலுக்குள்,
முழங்காலில் துப்பாக்கி, பிளாஸ்க்கில் காப்பி.

எட்டரைக்குக் காட்டுக்கோழிக் கூட்டம் வந்தது. பதினொன்று.
ஒரு சுற்று.
இன்னொரு சுற்று, இன்னும் தாழ்வாக.
அப்புறம் சதுப்பைத் தாண்டிப் போயே போய்விட்டன.

அண்ணாந்தேன். காற்று திரும்பியிருந்தது.
என் சேவல் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி
ஓஸ்மோ மாதிரியே உட்கார்ந்திருந்தது.
உயிருள்ள கோழி எதுவும் அப்படி உட்காராது,
இறகைக் கிளப்பிக் குளிர் உள்ளே புகுந்துவிடும்.

திருப்பி வைக்க எழுந்தவள் பாதிகூட நிமிரவில்லை,
எந்த மூலையில் இருந்ததோ, வல்லூறு.
கம்பு வளைந்து நிமிர்ந்தது.
மெத்தைப் பஞ்சு மெதுவாக, அவசரமே இல்லாமல்
என் தலைமேல், காப்பிமேல் இறங்கியது.
அது அடுத்த மரத்தில் அமர்ந்து
ஒரு கால்பிடித் துணியைக் கொத்தி, மறுபடி கொத்தி,
இது என்ன இழவு என்று என்னைப் பார்த்தது.

சிரித்துவிட்டேன், வாய்விட்டு.
அதோடு அன்றைய வேட்டை முடிந்தது,
ஏரிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

காலர் கிடைத்தது. ஒரு புருவம் கிடைத்தது.
இரவுக்கு உருளைக்கிழங்கும் டின் மீனும்.
கோட்டின் முதுகில் இன்னோர் உடல் மிச்சமிருக்கிறது.
இந்த முறை கண் வைக்கலாம் என்று பார்த்தால்
பொத்தான் டப்பாவில்
ஒன்றுபோல் இரண்டு இல்லை.